நீறு பூத்த நெருப்பு: நீரிழிவு இல்லாதோர் குருதியில் அழற்சி, ஒரு தில்லி வரலாறு

சற்று நீண்ட பதிவு. மருத்துவம் பயிலும் நண்பர்களுக்குச் சில பகுதிகள் தெரிந்தவையாக இருக்கலாம். அவற்றைத் தாண்டிச் செல்லலாம்.

2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தில்லியின் பல வீடுகள் மூன்று எழுத்துகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டன: சி.ஆர்.பி. ஆக்சிஜன் அளவைக் கேட்ட அதே மூச்சில் 'சி.ஆர்.பி. எவ்வளவு?' என்றும் கேட்கப்பட்டது. உடலில் அழற்சி எந்த அளவுக்கு மூண்டிருக்கிறது என்பதைக் காட்டும் புரதம் அது. அதே வாரங்களில் இன்னொன்றும் நிகழ்ந்தது. அழற்சியை அடக்கக் கொடுக்கப்பட்ட டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளால், அதுவரை சர்க்கரை நோய் என்று அறியாதவர்களுக்கும் இரத்தச் சர்க்கரை ஏறியது. அழற்சி ஏறினால் சர்க்கரை ஏறும். அழற்சியை இறக்கும் மருந்தைக் கொடுத்தாலும் சர்க்கரை ஏறும். இவ்விரண்டுக்கும் இடையிலான உறவு நேர்கோடு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இப்பதிவின் பொருள் பெருந்தொற்று அன்று. காய்ச்சல் இல்லை, தொற்று இல்லை, நீரிழிவும் இல்லை. ஆயினும் குருதியில் அழற்சியின் தடயம் சிறிதளவு நிலைத்து நிற்கிறது. அத்தகையோரிடம் அத்தடயம் சர்க்கரைக் கட்டுப்பாட்டைப் பற்றி என்ன சொல்கிறது? இந்த வினாவின் வரலாற்றைப் பெரும்பாலும் அமெரிக்க, பிரித்தானிய ஆய்வகங்களின் வரலாறாகவே நம் வகுப்பறைகளில் கேட்கிறோம். அதில் தில்லிக்கு உரிய இடம் வேறு எவராலும் நிரப்ப முடியாதது என்பது என் கருத்து. அதற்குச் செல்லுமுன் சொற்களைச் சற்றுப் பார்த்துவிடலாம். முதுகலையில் மொழியியல் படித்தவர்களுக்கு இந்த நோய் தீராது.

முயல் என்பதிலிருந்து முயற்சி, சுழல் என்பதிலிருந்து சுழற்சி. அதே வாய்பாட்டில் அழல் என்பதிலிருந்து அழற்சி. அழல் என்றால் தீ. ஐரோப்பிய மொழிகளிலும் இதே உருவகம்தான்: இலத்தீன் வினைச்சொல்லின் பொருள் தீயிடுதல். கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமைச் சேர்ந்த செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவத்தல், வீங்குதல், சூடு, வலி. நான்கும் கண்ணுக்கும் கைக்கும் புலப்படுபவை. நாம் பேசப்போகும் அழற்சியில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. பெயர் தீயினுடையது, பொருளோ தீயின் எந்தக் குணமும் வெளியே தெரியாதது. ஆங்கிலக் கட்டுரைகள் இதனைத் 'தாழ்நிலை' என்றும் 'நோய்க்குறி காட்டாத' என்றும் அடைமொழி சேர்த்துச் சமாளிக்கின்றன. தமிழில் நீறு பூத்த நெருப்பு என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. மேலே சாம்பல், உள்ளே கனல். கலைச்சொல் ஆக்குவோர் இதைக் கவனிக்கலாம்.

சி.ஆர்.பி. என்ற பெயரின் கதையும் சுவையானது. 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில், ஆஸ்வால்ட் ஏவரியின் ஆய்வகத்தில், வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் குருதிநீரை ஆராய்ந்தனர். நியூமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்து 'சி' என்று பெயரிட்டிருந்த ஒரு கூற்றுடன் அது சேர்ந்து வீழ்படிவு ஆயிற்று. நோய் தீர்ந்ததும் அந்த வினை மறைந்தது. 'சி'யுடன் வினைபுரியும் புரதம் என்ற பெயர் அப்படி வந்தது. கல்லீரல் உண்டாக்கும் இப்புரதத்துக்கும் நிமோனியாவுக்கும் தனி உறவு ஏதும் இல்லை என்று பின்னர் தெரிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1990களில் மிகக் குறைந்த அளவையும் அளக்கும் சோதனைகள் வந்தன. 2003இல் அமெரிக்க இதயச் சங்கமும் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இதயநோய் இடர் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என வகுத்தன. பரிசோதனைத் தாளில் 'உயர்நுண்ணுணர்வு' என்ற அடைமொழியைக் காண்போர் அது புரதத்தின் குணம் என்று எண்ணிவிடுகின்றனர். அது அளவுகோலின் குணம், புரதம் பழையதேதான்.

'நீரிழிவு இல்லாதோர்' என்ற தொடர் இன்னும் சிக்கலானது. எதிர்மறையால் வரையறுக்கப்படும் எந்தத் தொகுதியும் எல்லையை வேறொருவரிடம் கடன் வாங்குகிறது. 1979இல் அமெரிக்கக் குழு ஒன்று, வெறும் வயிற்றுச் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு என்று வகுத்தது. 'குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு' என்ற இடைநிலைப் பெயரையும் அதுவே நிலைநாட்டியது. 1997இல் எல்லை 126க்கு இறங்கியது. 2003இல் இடைநிலையின் தொடக்கம் 110இலிருந்து 100க்கு இறக்கப்பட்டது. ஒரே குருதி, ஒரே மனிதர். 1996இல் 'இல்லாதவர்', 1998இல் 'உள்ளவர்'. எனவே பழைய கட்டுரை எதையும் படிக்கும்போது, அதன் 'இல்லாதோர்' எந்த ஆண்டின் இல்லாதோர் என்று முதலில் பார்ப்பது நலம்.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். முன்கதை வியப்பானது. 1876இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன், சோடியம் சாலிசிலேட் கொடுத்தால் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்று எழுதினார். 1901இல் மான்செஸ்டரின் வில்லியம்சன் அதையே மீண்டும் கண்டார். ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்து அது, அதாவது அழற்சி எதிர்ப்பு மருந்து. ஏன் சர்க்கரையைக் குறைத்தது என்று அன்று கேட்கக்கூட இயலாது. வினாவுக்கு வேண்டிய கருத்துகள் பிறக்கவில்லை. பின்னர் இன்சுலின் வந்தது, இது மறக்கப்பட்டது.

1993இல் கோகான் ஹோதாமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினரும் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டி.என்.எஃப். ஆல்ஃபா என்னும் அழற்சித் தூதுப்பொருளை உண்டாக்குகிறது என்று காட்டினர். அதைச் செயலறச் செய்தால் இன்சுலின் மீண்டும் நன்றாக வேலை செய்தது. கொழுப்பு என்பது சேமிப்புக் கிடங்கு மட்டுமன்று, பேசும் உறுப்பு என்ற எண்ணம் வேரூன்றியது இங்கேதான். இன்சுலின் உயிரணுவின் வாயிலில் வந்து சொல்லும் செய்தி உள்ளே பல கைகள் மாறிச் செல்கிறது. அழற்சித் தூதுப்பொருள் இடையில் ஒரு கையைக் கட்டிவிடுகிறது. கணையம் அதை ஈடுகட்ட இன்னும் உரக்கச் சொல்கிறது, அதாவது கூடுதல் இன்சுலின் சுரக்கிறது. அது ஈடுகட்டும்வரை சர்க்கரை இயல்பாகவே காட்டும். நீரிழிவு இல்லாதோரை ஆராய வேண்டிய காரணம் இதுதான்: சர்க்கரை அளவு அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் உள்ளே நடப்பதை அது சொல்லாது.

எலியிலிருந்து மனிதருக்கு வர அதிக காலம் ஆகவில்லை. 1999இல் இலண்டனின் ஜான் யுட்கின் குழு, நீரிழிவு இல்லாத 107 பேரிடம் சி.ஆர்.பி. அளவு உடற்பருமனோடும் இன்சுலின் எதிர்ப்புநிலையோடும் சேர்ந்து செல்வதைக் கண்டது. 2000இல் அமெரிக்காவின் ஓர் ஆய்வு, நீரிழிவு இல்லாத 1008 பேரிடம் அதையே உறுதிசெய்தது. 2001இல் அமெரிக்கப் பெண்களின் ஆய்வொன்றில், பின்னாளில் நீரிழிவு வந்தவர்களுக்கு முன்னரே சி.ஆர்.பி.யும் இன்டர்லியூக்கின்-6உம் உயர்ந்திருந்தது தெரிந்தது. தடயம் நோய்க்கு முந்தியது.

அதே 2001இல் இலண்டனில் வாழும் இந்திய வம்சாவளி ஆண்களையும் ஐரோப்பிய ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தது. இருதரப்பும் நலமானவர்கள், ஆயினும் இந்தியர்களின் சராசரி சி.ஆர்.பி. 17 விழுக்காடு கூடுதல். வயிற்றுப் பகுதிக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்புநிலையும் இதோடு தொடர்புற்றிருந்தன. ஏன் இந்த வேறுபாடு? 2004இல் 'லான்செட்' இதழில் வந்த ஒற்றைப் பக்கக் குறிப்பு ஒன்றை எல்லா மாணவர்களும் பார்த்திருப்பீர்கள். புணேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் மேற்சொன்ன ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவரின் உடல் நிறைக் குறியெண்ணும் 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. மெலிந்த தோற்றத்துக்குள் ஒளிந்த கொழுப்பு. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நவல் விக்ரம், அனூப் மிஸ்ரா குழுவினர் 2003இலும் 2006இலும் நகர்ப்புற இளைஞர்களிடம் சி.ஆர்.பி.க்கும் உடற்கொழுப்புக்கும், வெறும் வயிற்று இன்சுலினுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினர். சென்னையில் வி. மோகன் குழு 2005இல் உடற்கொழுப்போடும் நீரிழிவோடும் உள்ள தொடர்பைக் காட்டியது.

இவை எல்லாம் ஒரு கணத்தின் நிழற்படங்கள். ஒருவரை இன்று அளக்கிறோம். இன்று அவர் கொழுப்பு எவ்வளவு, அழற்சி எவ்வளவு என்று அறிகிறோம். இந்த உடல் இந்த நிலைக்கு எந்த வழியாக வந்தது என்பது நிழற்படத்தில் இராது. அதற்கு ஒரே வழி, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அளக்கத் தொடங்கியிருப்பது. தில்லியில் தொடங்கியிருந்தார்கள்.

1969இல் சப்தர்ஜங் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் சாந்தி கோஷ், எஸ்.கே. பார்கவா ஆகியோர் தென்தில்லியின் லஜ்பத் நகரை ஒட்டிய ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தேர்ந்துகொண்டனர். அப்பகுதியின் மணமான பெண்கள் 20,755 பேரைப் பதிவுசெய்தனர். பணியாளர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று மாதவிடாய் நாளைக் கேட்டுக் குறித்தனர். கருவுற்றோரைத் தொடர்ந்து சென்று கண்டனர். 1972 வரை உயிருடன் பிறந்த குழந்தைகள் 8181. பிறந்த 72 மணி நேரத்துக்குள் எடையும் நீளமும். பின் 3, 6, 9, 12ஆம் மாதங்களில். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பதின்பருவம் வரை.

அன்று எவரும் அழற்சியைத் தேடவில்லை, நீரிழிவையும் தேடவில்லை. எத்தனை குழந்தைகள் பிழைக்கின்றன, எப்படி வளர்கின்றன என்பதே வினா. இன்று தேவைப்படும் நுண்ணளவில் சி.ஆர்.பி.யை அளக்கும் வசதியே அன்று இல்லை. தராசும் அளவுப்பலகையும் குறிப்பேடும் மட்டுமே கருவிகள். நம் அறிவியல் வரலாறுகளில் கண்டுபிடிப்பாளர் பெயர் நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடிப்படி ஏறி ஒரு குழந்தையைத் தராசில் வைத்தவர் பெயர் நிற்பதில்லை. இந்த ஆய்வின் முழு வலிமையும் அந்தப் படியேற்றங்களில் இருக்கிறது என்றால் மிகையன்று.

1998 முதல் 2002 வரை அக்குழந்தைகளைத் திரும்பத் தேடினர். 26 முதல் 32 வயதுக்குள் இருந்த 1526 பேர் கிடைத்தனர்: ஆண்கள் 886, பெண்கள் 640. பார்கவா, சச்தேவ், பிரித்தானியாவின் கரோலின் ஃபால், டேவிட் பார்க்கர் உள்ளிட்டோர் 2004இல் வெளியிட்ட கட்டுரைப்படி, முப்பது வயதை ஒட்டிய அவர்களில் 10.8 விழுக்காட்டினருக்குக் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்திருந்தது, 4.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவே வந்திருந்தது. அவர்களின் பழைய குறிப்பேட்டைப் புரட்டினால் ஒரே வடிவம்: இரண்டு வயது வரை மெலிவு, பிறகு மற்றவர்களுக்கு முன்னதாகவே உடல் நிறைக் குறியெண் ஏறத் தொடங்கல், அந்த ஏற்றம் நில்லாமல் தொடர்தல். கவனிக்க வேண்டிய ஒரு வரி அக்கட்டுரையில் உண்டு. சர்க்கரைக் கட்டுப்பாடு குலைந்த இவர்களில் ஒருவர்கூடப் பன்னிரண்டாம் வயதில் உடற்பருமன் என்ற வரையறைக்குள் வரவில்லை. பள்ளியில் எடை பார்த்த எந்த ஆசிரியருக்கும் எதுவும் தோன்றியிராது.

இதே மக்களின் குருதியில் அழற்சிக் குறிகளை அளந்த கட்டுரை 2011இல் வந்தது. முதல் ஆசிரியர் ஆர். லட்சுமி. சி.ஆர்.பி., ஃபைப்ரினோஜென், குருதிக்கட்டு கரைவதைத் தடுக்கும் பி.ஏ.ஐ.-1 ஆகிய மூன்றையும் அளந்தனர். இன்று கொழுப்பு மிகுந்தோருக்கு மூன்றும் மிகுதி, இதில் வியப்பில்லை. வியப்பு அடுத்ததில். இன்றைய கொழுப்பைக் கணக்கில் கழித்த பிறகும் குழந்தைப்பருவம் மறையவில்லை. இரண்டு வயதில் மெலிந்திருந்தோருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், வளர்ந்தபின் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. இரண்டு வயதுக்குப் பின் விரைந்து எடை ஏறியோருக்கும் அப்படியே.

இதை எப்படிப் படிப்பது? இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, 8181இல் 1526 என்பது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஊரைவிட்டுப் போனவர்களும் இறந்தவர்களும் எப்படி இருந்திருப்பர் என்று எந்தப் புள்ளியியலும் முழுதாக மீட்டுத்தர இயலாது. மற்றொன்று நுட்பமானது. இருபத்தொன்பது வயதில் ஒரே உடல்வாகு கொண்ட இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் குழந்தையில் மெலிந்தவர் என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கூடுதலாக எடை ஏறியிருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆகவே 'தொடக்க மெலிவு' என்பதும் 'பிற்கால ஏற்றம்' என்பதும் ஒரே கோலின் இரு முனைகள். எந்த முனை அடித்தது என்று பிரிப்பது கடினம். கருத்தரங்குகளில் சிலர் முதல் முனையை மட்டும் பிடித்துக்கொண்டு 'எல்லாம் கருவிலேயே எழுதப்பட்டது' என்று பேசுவது, தலையெழுத்துக்கு ஆய்வகச் சட்டை போடுவதே ஆகும். கட்டுரையின் ஆசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை, பாதையைச் சொன்னார்கள்.

ஆயினும் ஒன்று உறுதி. இந்தியத் தீனிப்பழக்கத்தையும் சோம்பலையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கமான கதைக்கு இத்தரவுகள் இடம் தரவில்லை. 1970இல் லஜ்பத் நகர்ப் பக்கம் மெலிந்து வளர்ந்த குழந்தை அந்த மெலிவைத் தேர்ந்துகொள்ளவில்லை.

அடுத்து, இந்தத் தடயம் காரணமா, அறிகுறியா? புகை நெருப்பைக் காட்டும். ஆனால் புகையை விசிறி விரட்டினால் நெருப்பு அணையாது. 2005இலும் 2008இலும் பிரித்தானிய ஆய்வாளர்கள் அழகிய ஒரு வழியைக் கையாண்டனர். சிலருக்குப் பிறப்பிலேயே மரபணு வேறுபாட்டால் சி.ஆர்.பி. சற்று மிகுதி. அப்புரதமே குற்றவாளி என்றால் அவர்களிடம் இன்சுலின் எதிர்ப்புநிலை மிகுந்திருக்க வேண்டும். மிகுந்திருக்கவில்லை. சி.ஆர்.பி. புகை என்பது ஏறத்தாழ முடிவாயிற்று. நெருப்பு மேலோட்டத்தில் எங்கேயோ, டி.என்.எஃப்., இன்டர்லியூக்கின்கள் இருக்கும் பக்கம் இருக்கலாம். அந்தப் பக்கத்தையும் சோதித்தார்கள். மாரடைப்புக்கு உள்ளாகி, சி.ஆர்.பி. 2க்குக் குறையாத 10,061 பேரிடம் கனாகினுமாப் என்ற மருந்தைச் சோதித்த ஆய்வில் 4960 பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தனர். மருந்து அழற்சிக் குறிகளைத் தெளிவாக இறக்கியது. இதய நிகழ்வுகளும் ஓரளவு குறைந்தன. ஆனால் 2018இல் வந்த முடிவின்படி, புதிதாக நீரிழிவு வருவதை அது தடுக்கவில்லை.

இந்த முடிவு தில்லிக் கடைத்தெருவை இன்னும் எட்டவில்லை. 'அழற்சியைக் குறைத்துச் சர்க்கரையைக் காக்கும்' பொடிகளும் கஷாயங்களும் மாத்திரைகளும் விற்கின்றன. முழு உடல் பரிசோதனைப் பொதிகளில் சி.ஆர்.பி. சேர்க்கப்பட்டு, 3.4 என்ற எண்ணைக் கண்டு இருபத்தைந்து வயது மாணவர் அஞ்சுகிறார். முந்தைய வாரம் சளி பிடித்திருந்தாலும் அந்த எண் ஏறும். மக்கள்தொகையின் வரலாற்றைச் சொல்ல உதவும் குறி, தனியொருவரின் ஒற்றைக் காலைநேரக் குருதியில் மிகச் சிறிதே சொல்லும். குறி என்பதற்கும் பொருள் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மொழியியல் முதல் பருவத்திலேயே கற்பிக்கிறார்கள். பரிசோதனைக் கூடங்களின் விளம்பரம் எழுதுவோர் அந்த வகுப்புக்கு வரவில்லை போலும்.

2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி, அதற்கு முந்தைய நிலையில் உள்ளோர் 13.6 கோடி என்று மதிப்பிட்டது. இரண்டாம் எண் முதல் எண்ணை விடப் பெரியது. நாம் பேசிய 'இல்லாதோர்' பெருந்தொகுதியில் விளிம்பில் நிற்பவர்கள் இவர்கள். அதே ஆண்டு தில்லியிலும் சென்னையிலும் 12,000க்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்று, காற்றிலுள்ள 2.5 மைக்ரான் நுண்துகள் கூடக் கூட வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்.பி.ஏ.1சி.யும் கூடுவதையும், நீரிழிவு புதிதாக வருவதையும் காட்டியது. துகள் எப்படிச் சர்க்கரையைத் தொடுகிறது என்பதற்கு முன்வைக்கப்படும் விளக்கங்களில் முதன்மையானது மீண்டும் அழற்சியே. இங்கும் புகையா நெருப்பா என்ற வினா எழும். தில்லியின் நவம்பரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1969இல் தராசில் வைக்கப்பட்ட குழந்தைகளுக்கு இப்போது வயது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகள் இந்தக் காற்றில் பிறந்தவர்கள்.